மேக மப்பு நாளில் தோல் கருகாமல் மலைக்குப் போய் வருவது எப்படி?

போன வருசம் விடியக்காலையிலேயே ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். அங்கே 'உலக முடிவு' என்கிற செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றால் முன்னால் நிற்கிறவனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது, அவ்வளவு மூட்டம். நடந்த நடையில் உடம்பு புழுங்கவே, பத்து மணிக்கெல்லாம் சுவெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். இரவு அட்டனில் வீட்டுக்கு வந்து குளிக்கும்போது பின்கழுத்தில் சுடுதண்ணி பட்டதுதான் தாமதம், துள்ளிவிட்டேன். கூட வந்த கொழும்பு மச்சானுக்குக் காது நுனி இரண்டும் எரிந்துகொண்டிருந்தது. "வெயிலே அடிக்கலையேடா?" என்று அன்று முழுக்க அதே கேள்விதான்.

விசயம் இதுதான். உடம்புக்குச் சூடாகத் தெரிவது வேறு, தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர் வேறு. வெப்பத்தை மேகம் நன்றாகவே மறைக்கும். புற ஊதாக் கதிரையோ மெல்லிய மேகம் 80 சதவீதத்துக்கு மேல்கூடக் கீழே விட்டுவிடும். இன்னொன்று, 1,000 மீற்றர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மேகம் இல்லாத நாளில், கடல் மட்டத்தில் இருக்கிற கொழும்புக் காலிமுகத்திடலை விட அங்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம், அதுவும் குளிரக் குளிர.

படி 1: மணியைப் பாருங்கள்

நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை. மூட்டத்தில் நிழலே விழாதே, அதனால் கடிகாரம்தான் கதி. காலை 9 முதல் பின்னேரம் 3 வரை கவனம். போனில் வானிலை பார்க்கிறவர்கள் புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் 'யூவி இண்டெக்ஸ்' என்ற எண்ணையும் பாருங்கள்; 3ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். ஊரே சுற்றிப் பார்க்கத் திரளும் நுவரெலியா சீசன் வருவதும் அதே ஏப்ரலில்தான்!

படி 2: மேகத்தைப் படியுங்கள்

கறுத்துத் திரண்ட மழை மேகம் என்றால் கதிர் நன்றாகக் குறையும். வெள்ளையாக, கண் கூசுகிற மூட்டம் என்றால் நம்பாதீர்கள். மேகம் விட்டு விட்டு நகர்ந்து சூரியன் எட்டிப் பார்க்கிற நேரம் இன்னும் மோசம். மேக விளிம்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் சேர்வதால், வெறும் வானத்தை விடக் கதிர் சற்று நேரம் கூடிவிடும்.

படி 3: உடுப்பு

மூட்டத்தில் கதிர் மேலிருந்து மட்டும் வராது. சிதறி நாலா பக்கமும் இருந்து வரும். குடையும் தொப்பியும் தனியாகப் போதாது. எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது தலையில் துணி, முழுக்கைச் சட்டை, இடுப்பில் தடித்த படங்குத் துணி என்று கட்டிக்கொண்டுதான் போவார். அட்டைக்கும் செடி கீறாமலும் கட்டியது வெயிலுக்கும் உதவியது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், விரல் தெரிந்தால் அது தடுக்காது. தூறலில் நனைந்த வெள்ளைப் பருத்திச் சட்டை காய்ந்ததை விட அதிகமாகக் கதிரை உள்ளே விடும்.

படி 4: சன்கிறீம்

எஸ்பிஎஃப் (கதிரைத் தடுக்கிற அளவு) 30 போதும். அளவில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிறோம். ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். வெளிக்கிட 20 நிமிடம் முன்பே பூசுங்கள். காது நுனி, பின்கழுத்து, தலை வகிடு, செருப்புப் போட்ட பாதத்தின் மேல்பக்கம், இந்த நாலையும் மறக்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேண்டும்.

படி 5: கருத்ததா, எரிந்ததா?

எரிவு உடனே தெரியாது. சில மணித்தியாலம் கழித்துத்தான் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்துக்கு வரும். விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் எரிவு. நிறம் மாறாமல் நின்றால் வெறும் கருப்பு. நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். புறங்கையை வைத்துப் பாருங்கள், அந்த இடம் மட்டும் சுடும், தொட்டால் நோகும். கறுத்த தோல் எரியாது என்பது சும்மா பேச்சு.

படி 6: எரிந்துவிட்டால்

குளிர்ந்த தண்ணியில் நனைத்த துணியைப் போடுங்கள். ஐஸ் நேரடியாக வேண்டாம். நிறையத் தண்ணி குடியுங்கள். கொப்புளம் வந்தால் உடைக்காதீர்கள். காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கருப்பு போகட்டும் என்று தேசிக்காயை (எலுமிச்சையை) தேய்க்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்து, மாதக்கணக்கில் மாறாத தழும்பாகக் கறுத்துவிடும். என் மச்சான் ஊருக்குப் போகும்போது பையில் நாலு தேசிக்காய் வைத்திருந்தான். வாங்கிச் சர்பத் போட்டுக் கொடுத்துவிட்டேன்.