கிழிந்த நோட்டை முழு மதிப்புக்கு மாற்ற

சந்தைக்காரரோ கண்டக்டரோ வாங்க மறுக்கும் கிழிந்த நோட்டைக் கமிஷனுக்கு மாற்ற வேண்டாம். பாளையங்கோட்டையோ வள்ளியூரோ, சிறு நிதி வங்கி, பேமென்ட் வங்கி தவிர எந்த வங்கிக் கிளையும் மாற்றித் தர வேண்டும். கணக்கு இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு 20 நோட்டு, 5,000 ரூபாய் வரை கட்டணமும் கிடையாது.

போகுமுன் வீட்டிலேயே அளந்து பாருங்கள். 20 ரூபாய் வரையிலான நோட்டில் பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம், இல்லையென்றால் ஒன்றுமில்லை. 50 ரூபாயிலிருந்து கணக்கு வேறு: பெரிய துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு, 40 முதல் 80 வரை பாதி, அதற்குக் கீழே எதுவும் வராது.

புதிய 500 ரூபாய் நோட்டின் நீளம் 150 மி.மீ., அகலம் 66 மி.மீ. ஓரத்தில் 4 செ.மீ.க்கு 3 செ.மீ. முக்கோணமாகப் போனால் இழப்பு 6 சதுர செ.மீ. தான், கவலையில்லை. ஆனால் நீளத்தில் 3 செ.மீ. பட்டையாகப் போய்விட்டால் மீதி சரியாக 80 சதவீதம். பாதிப் பணம்தான் வரும். நோட்டு நடுவில் இரண்டாகக் கிழிந்தால் சின்னத் துண்டையும் தூக்கி எறியாதீர்கள். ஒரே நோட்டின் இரண்டு துண்டும் தலா 40 சதவீதமாவது இருந்தால் முழு மதிப்பு உண்டு.

2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளம் போல நனைந்து ஒட்டிய நோட்டுக் கட்டைப் பிய்க்கவே கூடாது. பிரிக்க முடியாதபடி ஒட்டியது, கருகியது, நொறுங்குவது எல்லாம் கிளையில் எடுக்கமாட்டார்கள். சென்னை ரிசர்வ் வங்கிக்குத்தான் போக வேண்டும்.