பைபிளிலுள்ள அப்போஸ்தலர் நடபடிகளை வைத்துச் சேலத்தில் ஊழியம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு, அதிகாரத்தைப் பாதியில் மூடிவிடுவது. அத்தேனே (ஏதென்ஸ்) பட்டணம் விக்கிரகங்களால் நிறைந்திருப்பதைக் கண்டு அப்போஸ்தலன் பவுல் வைராக்கியமடைந்தார் என்று 17ஆம் அதிகாரம் 16ஆம் வசனத்தில் இருக்கிறது, அதோடு நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்து அடுத்தவர் சாமியைத் திட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதே பவுல் அந்த ஊர் மன்றமான மார்ஸ் மேடையில் நின்றதும் திட்டவில்லையே? அந்த ஊர்ப் பலிபீடத்தில் எழுதியிருந்ததிலிருந்து பேச்சைத் தொடங்கி, அவர்களுடைய புலவர் பாடியதையே எடுத்துச் சொல்கிறார். அதுவும் ஆராட்டஸ் என்ற கவிஞர் சேயுஸ் தெய்வத்தைப் பற்றிப் பாடிய வரி! கோட்டை மாரியம்மனுக்கு எந்த மாதம் திருவிழா என்றுகூடத் தெரியாமல் சேலத்தில் பேச நிற்பவர் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம்.

எபேசு பட்டணத்தில் நடந்தது (19ஆம் அதிகாரம்) சேலத்துக்கு இன்னும் நெருக்கமானது. தியானாள் என்ற தேவியின் கோவிலை வெள்ளியில் சிறிதாகச் செய்து விற்ற தெமேத்திரியு, தொழில் போய்விடுமே என்று ஆட்களைக் கூட்டிக் கலகம் பண்ணினான். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களிடம் இதை ‘விக்கிரகத் தொழில் வீழ்ந்தது’ என்று பிரசங்கித்தால் யார் காதில் ஏறும்? 19:37ஐப் பாருங்கள், பட்டணத்துச் சம்பிரதியே (நகர அலுவலர்) எழுந்து இவர்கள் கோவிலைக் கொள்ளையடித்தவர்களும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷித்தவர்களும் அல்ல என்கிறான். அந்த ஊரிலேயே பல காலம் இருந்த பவுலின் கூட்டாளிகளைப் பற்றி ஒரு அரசு ஆள் அப்படிச் சொல்ல முடிந்தது. நம் ஊர்க் கவுன்சிலர் நம்மைப் பற்றி அப்படிச் சொல்வாரா என்பது வேறு கதை.

அப்புறம் பூ, பொட்டு, நகை. புதிதாக வருகிற பெண்ணிடம் வந்த வாரமே கொலுசைக் கழற்றச் சொல்கிறார்கள், அவள் வீடே கொலுசுக்கு மணி கோர்த்துத்தான் சாப்பிடுகிறது. எருசலேமில் கூடி விவாதித்தவர்கள் (15ஆம் அதிகாரம்) விருத்தசேதனத்தையே புறஜாதியார்மேல் (யூதரல்லாதவர்கள்மேல்) சுமத்தாமல் விட்டார்கள், நாலே காரியங்களை எழுதியனுப்பினார்கள். அந்த நாலில் நகை இல்லை.

மொழி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லீஸ்திரா ஊரில் (14ஆம் அதிகாரம்) ஜனங்கள் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்கள் என்று தங்கள் லிக்கவோனிய பாஷையில் கத்தினார்கள், அது என்னவென்று இவர்களுக்குப் புரிவதற்குள் பலியிடக் காளைகளும் பூமாலையும் வந்துவிட்டன. கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார், ஒடிசா பையன்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் தமிழில் பேசிவிட்டுக் கைகுலுக்கி அனுப்புவதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

ஆனால் பெரிய தவறு வெளியே இல்லை, சபைக் கமிட்டியில் இருக்கிறது. எருசலேம் சபையின் பந்தி விசாரிப்பில் (அன்றாட உணவுப் பங்கீட்டில்) தங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தபோது (6ஆம் அதிகாரம்), சபை ஏழு பேரைத் தெரிந்தெடுத்தது. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள், அதாவது குறை சொன்ன பக்கத்துக்கே பொறுப்பு போயிருக்கிறது. நம் ஊரில் ஏற்காடு எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வருகிறவர் எத்தனை வருஷம் வந்தாலும் நாற்காலி எடுத்துப் போடுகிறவராகத்தான் இருக்கிறார், காணிக்கைக் கணக்குப் புத்தகம் மட்டும் அதே இரண்டு குடும்பங்களை விட்டு நகருவதில்லை.