50,000 வரிகள், திரையில் 15: வர்ச்சுவல் ஸ்க்ரோலை அமைப்பது எப்படி

நீண்ட பட்டியல் திக்கித் திணறுகிறது என்று யாராவது வந்து நின்றால் நான் இரண்டு எண்களைக் கேட்பேன்: மொத்தம் எத்தனை வரி, ஒரு வரிக்குள் எத்தனை ஹெச்டிஎம்எல் உறுப்பு. இரண்டையும் பெருக்கிப் பார்க்காமல், வர்ச்சுவல் ஸ்க்ரோலுக்கான, அதாவது திரையில் தெரியும் வரிகளை மட்டும் உருவாக்கிக் காட்டும், எந்த லைப்ரரியையும் நிறுவ வேண்டாம். நான் அதிகம் புழங்குவது தணிக்கைப் பதிவுகளைக் காட்டும் திரைகளில். தேர்வுப் பெட்டி, நேரம், பயனர் பெயர், நிலையைக் காட்டும் வண்ணப் பட்டை, மூன்று புள்ளி மெனு என்று ஒரு வரியிலேயே 12 உறுப்புகள் சேர்ந்துவிடும். 50,000 வரிகளுக்கு 6 லட்சம். பக்கத்தின் வேகத்தை மதிப்பிடும் கூகுளின் லைட்ஹவுஸ் கருவி பல ஆண்டுகள் ஒரு பக்கத்தில் 800 உறுப்புகளைத் தாண்டினாலே எச்சரித்துவந்தது. 1,400ஐத் தாண்டினால் பிழை என்றே குறித்தது.

சில நூறு எளிய வரிகள்தான் என்றால் இதற்குமேல் படிக்கத் தேவையில்லை. பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டுங்கள். "7ஆம் பக்கத்தில் பார்த்தேன்" என்று பயனர் சொல்லவாவது ஓர் அடையாளம் இருக்கும். ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறினால், சிஎஸ்எஸ்ஸில் கன்டென்ட்-விசிபிலிட்டி பண்புக்கு ஆட்டோ என்ற மதிப்பைக் கொடுத்துப் பாருங்கள். கூடவே கன்டெய்ன்-இன்ட்ரின்சிக்-சைஸ் மூலம் உத்தேச உயரத்தையும் சொல்லிவிட வேண்டும். திரைக்கு வெளியே கிடக்கும் வரிகளை அடுக்குவதையும் வரைவதையும் பிரவுசரே தள்ளிப்போடும். குரோமில் இது 2020 முதல் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2024இல் வந்து சேர்ந்தன. ஆனால் அத்தனை உறுப்புகளையும் உருவாக்கத்தான் வேண்டும். அந்த நேரமும் நினைவகமும் மிச்சமாகாது. அந்த இரண்டும்தான் உங்கள் தொல்லை என்றால் மட்டும் வர்ச்சுவல் ஸ்க்ரோலுக்கு வாருங்கள். வந்துவிட்டால், பிரவுசர் சத்தமில்லாமல் செய்துவந்த பல வேலைகள் உங்கள் தலையில் விழும். அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள்.

கணக்கு எளிது. 600 பிக்சல் உயரமுள்ள ஒரு பெட்டி. வரி ஒன்று 40 பிக்சல். ஒரே நேரத்தில் 15 வரிதான் கண்ணில் படும். பெட்டிக்குள் 50,000 × 40, அதாவது 20 லட்சம் பிக்சல் உயரத்தில் ஒரு வெற்று உறுப்பை நிறுத்துகிறோம். ஸ்க்ரோல் பட்டை உண்மையான நீளத்தைக் காட்டுவது அதனால்தான். பயனர் 81,230 பிக்சல் கீழே வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 40ஆல் வகுத்தால் 2030.75. பின்னத்தை விட்டுவிட்டால் மேல் விளிம்பில் 2030ஆம் வரி (எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது). 600ஐக் கூட்டி மறுபடி வகுத்தால் கீழ் விளிம்பில் 2045. இரு விளிம்பிலும் அரைகுறையாகத் தெரியும் வரிகளால் 15 இங்கே 16 ஆகிறது. இருபுறமும் ஐந்தைந்து வரிகளைக் கூடுதலாகச் சேர்த்தால் 2025 முதல் 2050 வரை 26 வரிகள். அவற்றை 2025 × 40 = 81,000 பிக்சல் கீழே நகர்த்தி வைத்தால் தீர்ந்தது. அந்தக் கூடுதல் வரிகளுக்குத்தான் ஓவர்ஸ்கேன் என்று பெயர். ரியாக்ட்-விண்டோ, டான்ஸ்டாக் வர்ச்சுவல், ஆங்குலர் சிடிகே எல்லாம் உள்ளே போடுவது இந்தக் கணக்கைத்தான். ஒருமுறை கையால் எழுதிப் பார்த்துவிட்டு லைப்ரரிக்குப் போங்கள். பிறகு எது உடைந்தாலும் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

பெட்டிக்கு உயரம் இருக்கிறதா?

லைப்ரரியை நிறுவியதும் வரும் புகார்கள் இரண்டே இரண்டு: திரையில் ஒன்றுமே வரவில்லை, அல்லது 50,000 வரிகளும் ஒரேயடியாக வந்து பிரவுசர் உறைந்துவிட்டது. இரண்டுக்கும் காரணம் பெட்டியின் உயரம். அது பூஜ்யமானால் வரைய ஒரு வரியும் இல்லை. உள்ளடக்கத்துக்கு ஏற்ப அது நீண்டுவிட்டால், எல்லா வரிகளும் கண்ணுக்குத் தெரிகின்றன என்று லைப்ரரி நம்பி அத்தனையையும் வரைந்து தள்ளும்.

ஃப்ளெக்ஸ் தளவமைப்பில்தான் இது அதிகம் நடக்கிறது. நெடுக்குவாட்டு ஃப்ளெக்ஸுக்குள் இருக்கும் ஓர் உறுப்பின் குறைந்தபட்ச உயரம் இயல்பில் ஆட்டோ. தன் உள்ளடக்கத்தைவிடச் சிறிதாக அது சம்மதிக்காது. ஸ்க்ரோல் ஆகும் பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ ஆட்டோ கொடுத்திருப்பதால் அது தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது அதற்கும் மேல் மட்டத்துக்கும் நடுவே இருக்கும் உறைகள். தலைப்புக்கு ஒன்று, வடிகட்டிகளுக்கு ஒன்று, தாவல்களுக்கு ஒன்று என்று யாராவது சுற்றி வைத்திருப்பார்கள். பிரவுசரின் டெவ்டூல்ஸைத் திறந்து பெட்டியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வோர் உறையாகச் சுட்டி, உயரம் எங்கே 20 லட்சத்துக்கு எகிறுகிறது என்று பாருங்கள். அந்த உறைக்கு மின்-ஹைட் 0 கொடுத்தால் அடங்கிவிடும். உயரத்தைச் சதவீதத்தில் கொடுப்பவர்கள், தாய் உறுப்புக்கும் நிச்சயமான உயரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

வரியின் உயரம்

முடிந்தவரை எல்லா வரிகளையும் ஒரே உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளரிடம் அரைமணி நேரம் வாதாடியாவது வாங்குங்கள். நீண்ட செய்தியை ஒரே வரியில் அடக்கி, மிஞ்சியதை மூன்று புள்ளியாக்கி, சொடுக்கினால் பக்கவாட்டில் விரியட்டும். அந்த அரைமணி நேரம் பின்னால் பல வாரத் தலைவலியைக் காக்கும். ஆங்குலர் சிடிகேயில் இயல்பாகக் கிடைப்பதே நிலையான உயரத்துக்கான முறைதான். ஐட்டம்-சைஸ் என்று ஒரே எண்ணைக் கேட்கும், அதை அப்படியே நம்பும். 40 என்று சொல்லிவிட்டு வரிக்கு அடியில் 1 பிக்சல் கோடு போட்டு 41 ஆக்கினால், 2,000ஆவது வரியில் 2,000 பிக்சல் பிசகியிருக்கும்.

உரையாடல்கள், கருத்துகள், பிழைப் பதிவுகள் போன்றவற்றில் மாறும் உயரம் தவிர்க்க முடியாதது. அங்கே லைப்ரரி முதலில் ஓர் உத்தேச உயரத்தை வைத்துக்கொண்டு, வரி திரைக்கு வந்தபின் அளந்து திருத்தும். டான்ஸ்டாக் வர்ச்சுவலில் எஸ்டிமேட்-சைஸ் என்பது அந்த உத்தேசம். மெஷர்-எலிமென்ட் என்பது அளக்கும் கை. அளக்கப்படும் ஒவ்வொரு வரியிலும் டேட்டா-இன்டெக்ஸ் என்ற பண்பு இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எந்த வரியை அளந்தோம் என்றே அதற்குத் தெரியாது.

பலர் உத்தேசத்துக்கு 50 என்று ஏதோ ஓர் எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உண்மையான சராசரி 64 ஆக இருக்கும்போது நீங்கள் 40 என்று சொன்னால், 32 லட்சம் பிக்சல் பட்டியல் 20 லட்சமாகத் தொடங்கும். கீழே போகப் போக மொத்த உயரம் வளரும். பயனர் பிடித்து இழுக்கும் ஸ்க்ரோல் பட்டை அவர் கையைவிட்டு நழுவும். உண்மைத் தரவிலிருந்து சில நூறு வரிகளை எடுத்து, புழக்கத்தில் இருக்கும் திரை அகலத்தில் அளந்து, சராசரியைவிடச் சற்று கூடுதலாக வையுங்கள். வரிகளில் வகைகள் இருந்தால் இன்னும் நல்லது: படம் உள்ளதற்கு ஓர் எண், வெறும் உரைக்கு ஓர் எண்.

அளவீட்டைக் கெடுப்பவை சில உண்டு. வரிகளுக்கு நடுவே மார்ஜின் வைக்காதீர்கள். உறுப்பை அளக்கும்போது மார்ஜின் கணக்கில் வராது. அந்த இடைவெளியை வரிக்குள்ளேயே பேடிங்காக வையுங்கள். படங்களுக்கு அகலத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே எழுதுங்கள். இல்லையென்றால் படம் வந்து சேர்ந்ததும் வரி வீங்கி, கீழே இருப்பதையெல்லாம் தள்ளும். மேல்நோக்கி ஸ்க்ரோல் செய்யும்போது மட்டும் பட்டியல் துள்ளுகிறது என்றால் வேறோர் இடத்தில் தேடுங்கள். அப்போதுதான் மேலே அளக்கப்படாத வரிகள் அளக்கப்பட்டு, லைப்ரரி ஸ்க்ரோல் நிலையைத் திருத்துகிறது. பிரவுசரின் ஸ்க்ரோல் ஆங்கரிங்கும் அதே வேலையைச் செய்யப் புகுந்தால் ஒரே திருத்தம் இருமுறை நடக்கும். பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ-ஆங்கர் நன் என்று கொடுத்து ஒருவரை வெளியே அனுப்புங்கள்.

ஓவர்ஸ்கேனைக் கூட்டினால் போதுமா?

வேகமாக ஸ்க்ரோல் செய்யும்போது வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றதும் ஓவர்ஸ்கேனை 50க்கு ஏற்றுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். பெரும்பாலும் அது நிலைமையை மோசமாக்கும். பிரவுசர் ஸ்க்ரோலை ஒரு த்ரெட்டில் (தனியாக ஓடும் வேலைத் தொடரில்) நகர்த்துகிறது. உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் வேறொரு த்ரெட்டில், மெயின் த்ரெட்டில், ஓடுகிறது. நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒரு சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) 16.7 மில்லி நொடிதான். 120 முறை என்றால் 8.3. வரைய வேண்டியது கூடினால் மெயின் த்ரெட் இன்னும் பின்தங்கும். மூன்று முதல் ஐந்து வரை வைத்துக்கொண்டு, ஒரு வரியை உருவாக்கும் செலவைக் குறையுங்கள். தேதியை ஒவ்வொரு வரியிலும் புதிதாக வடிவமைப்பது, மூடியே கிடக்கும் மெனுவை வரிக்கு ஒன்றாகப் படைப்பது போன்றவைதான் வழக்கமான குற்றவாளிகள். மெனுவைச் சொடுக்கும்போது உருவாக்கினால் போதும். ஆங்குலர் சிடிகேயில் இந்தக் கூடுதலை வரிகளில் சொல்லாமல் பிக்சலில் சொல்ல வேண்டும்; மின்-பஃபர், மேக்ஸ்-பஃபர் இரண்டும் இயல்பில் 100, 200. உயரமான வரிகளுக்கு இது போதாது.

மறைந்த வரி மறந்துபோகும்

திரையைவிட்டுப் போன வரி அழிக்கப்படுகிறது. அதற்குள் விரிந்திருந்த பகுதி, பாதி தட்டச்சு செய்த குறிப்பு, டிக் செய்த பெட்டி எல்லாம் அதோடு போகும். இவற்றை வரிக்குள் வைக்காமல், பதிவின் அடையாள எண்ணைச் சாவியாகக் கொண்டு வெளியே வையுங்கள். லைப்ரரிக்கும் அதே சாவியைக் கொடுங்கள். டான்ஸ்டாக்கில் கெட்-ஐட்டம்-கீ கொடுக்காவிட்டால் வரிசை எண்ணே சாவி. பட்டியலின் தலையில் புதிய பதிவு ஒன்று வந்து விழுந்ததும், அளந்த உயரங்கள் எல்லாம் ஒரு வரி தள்ளிப் பொருந்தும்.

ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாறும் வரிகளுக்கு என்த்-சைல்டு பயன்படுத்தினால் ஸ்க்ரோல் செய்யும்போது நிறங்கள் கண்சிமிட்டும். வரிசை எண் ஒற்றையா இரட்டையா என்று பார்த்து சிஎஸ்எஸ் வகுப்பைக் கொடுங்கள். உண்மையான டேபிள் என்றால் டேபிள்-லேஅவுட்டை ஃபிக்ஸ்டு ஆக்குங்கள். இல்லாவிட்டால் திரையில் இருக்கும் 26 வரிகளைப் பொறுத்து நெடுவரிசைகள் அகலம் மாறிக்கொண்டே இருக்கும்.

திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கு உங்கள் பட்டியலில் 26 வரிகள்தான் இருக்கின்றன. டேபிள் அல்லது கிரிட் என்றால் திரைவாசிப்பானுக்குத் தகவல் சொல்லும் ஆரியா-ரோகவுன்ட் பண்பில் மொத்த எண்ணிக்கையும், வரிதோறும் ஆரியா-ரோஇன்டெக்ஸும் தேவை. சாதாரணப் பட்டியலுக்கு ஆரியா-செட்சைஸ், ஆரியா-பாசின்செட். விசைப்பலகையால் நகர்பவரின் குவியம் (ஃபோகஸ்) ஒரு வரியில் இருக்கும்போது அந்த வரி அழிந்தால், குவியமும் தொலைந்துவிடும். குவியம் இருக்கும் வரியை மட்டும் எப்போதும் உயிரோடு வைத்திருங்கள். டான்ஸ்டாக்கின் ரேஞ்ச்-எக்ஸ்ட்ராக்டர் இதற்கு வாகானது. கன்ட்ரோல்-எஃப் இனி வேலை செய்யாது என்பதால் உங்கள் சொந்தத் தேடல் பெட்டி கட்டாயம். அச்சிடுவதற்கும் தனி வழி செய்யுங்கள்.

லட்சக்கணக்கில் வரிகளை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிரவுசர்கள் ஓர் உறுப்பின் உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன: ஃபயர்ஃபாக்ஸில் சுமார் 1.79 கோடி பிக்சல், குரோமில் சுமார் 3.35 கோடி. 40 பிக்சல் வரியானால் ஃபயர்ஃபாக்ஸில் நாலரை லட்சத்துக்குச் சற்று முன்னதாகவே பட்டியல் துண்டிக்கப்படும். ஸ்க்ரோல் நிலையைச் சுருக்கிப் பெருக்கும் தந்திரங்கள் உண்டு, ஆனால் நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஐந்து லட்சம் வரிகளை விரலால் தள்ளித் தேடும் மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தேதி வடிகட்டி ஒன்றைக் கொடுத்தால் அவர் நன்றி சொல்வார்.

சோதனைக்கு, குரோமின் பர்ஃபாமன்ஸ் பலகத்தில் சிபியு வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் பறப்பது பயனரின் கைபேசியில் தவழலாம். யூனிட் சோதனைகளில் ஒரு வரிகூட வராமல் எல்லாம் தோற்றால் பதற வேண்டாம். அவை வழக்கமாக ஓடும் ஜேஎஸ்டாம் என்ற போலி பிரவுசர் சூழலில் தளவமைப்பு என்பதே கிடையாது. எல்லா உயரமும் 0. அங்கே போலி உயரங்களைச் செருகிக்கொண்டிருப்பதைவிட, பிளேரைட் போன்ற கருவியால் உண்மையான பிரவுசரில் நாலைந்து சோதனைகளை எழுதுவது மேல்: எண்ட் விசையை அழுத்தினால் கடைசிப் பதிவு தெரிகிறதா, ஹோம் அழுத்தித் திரும்பினால் முதல் பதிவு வருகிறதா, நடுவில் ஒரு வரியைத் திறந்து உள்ளே போய்ப் பின்னோக்கி வந்தால் அதே இடத்தில் நிற்கிறதா. கடைசிச் சோதனை தோற்கத்தான் செய்யும். வெளியேறும்போது ஸ்க்ரோல் நிலையோடு அளந்த உயரங்களையும் சேமித்து, திரும்பும்போது இரண்டையும் லைப்ரரிக்குக் கொடுத்த பிறகே அது பச்சையாகும்.