அமெரிக்க அரசியல் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்: ஒரு தாளும் பென்சிலும் போதும்

அமெரிக்கச் செய்திகளைப் படிக்கும்போது ‘ஆளுங்கட்சி’ என்ற ஒரு சொல் நம்மை விடாமல் தடுமாற வைக்கிறது. நம் ஊரில் பெரும்பான்மை பெற்ற கட்சி ஆட்சி அமைக்கிறது. அந்த ஆட்சி கொண்டுவரும் மசோதா அநேகமாக நிறைவேறிவிடுகிறது. அதே கண்ணோடு வாஷிங்டனைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. அதிபர் ஒரு கட்சியாக இருப்பார். அவர் கேட்கும் பணத்தைத் தர மறுக்கும் சபை வேறொரு கட்சியின் கையில் இருக்கும். அவருடைய உத்தரவைச் செல்லாது என்று தீர்ப்பளிக்கும் நீதிபதி, அவரே நியமித்தவராக இருப்பார்.

அக்கா மகள் கல்லூரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “இதில் யார்தான் ஆள்கிறார்கள் மாமா?” என்று கேட்டாள். புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். அன்று வரைந்ததைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். நீங்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுமனே படித்தால் மனதில் நிற்காது.

படி 1: மூன்று கட்டங்கள் வரையுங்கள்

தாளின் நடுவில் மூன்று கட்டங்களை இடைவெளி விட்டு வரையுங்கள். முதல் கட்டத்தில் ‘காங்கிரஸ்’ என்று எழுதுங்கள். இது கட்சியின் பெயர் அல்ல, சட்டம் இயற்றும் மன்றத்தின் பெயர். இரண்டாவதில் ‘அதிபர்’, மூன்றாவதில் ‘உச்ச நீதிமன்றம்’.

இந்த வரிசை நானாக வைத்தது அல்ல. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவு காங்கிரஸைப் பற்றியது. அதிபர் இரண்டாம் பிரிவில்தான் வருகிறார். மன்னராட்சியை எதிர்த்துப் போர் செய்து விடுதலை பெற்றவர்கள், இன்னொரு மன்னர் தலையெடுக்கக் கூடாது என்ற கவலையோடு எழுதியது அது.

கட்டங்களுக்கு நடுவே இடைவெளி விடச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. நம் ஊரில் அமைச்சராக வேண்டுமானால் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்க வேண்டும், அல்லது ஆறு மாதத்துக்குள் ஆகிவிட வேண்டும். அங்கே நேர்மாறு. காங்கிரஸ் உறுப்பினராக இருப்பவர் அதிபரின் அமைச்சரவையில் இருக்கவே முடியாது. மார்கோ ரூபியோ 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சரானபோது, 14 ஆண்டுகளாக வகித்த செனட்டர் பதவியை விட்டுவிட்டுத்தான் போனார். ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போகிறவர் பழைய கட்டத்தை விட்டுவிட வேண்டும். இந்த ஒரு விதி மனதில் பதிந்துவிட்டால் பாதி கிணறு தாண்டியாயிற்று.

படி 2: முதல் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள்

காங்கிரஸ் கட்டத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் பிரதிநிதிகள் சபை: 435 பேர், இரண்டு ஆண்டு பதவிக்காலம், மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள். மறுபக்கம் செனட்: 100 பேர், ஆறு ஆண்டு, மாநிலத்துக்கு இருவர். ஏறக்குறைய நான்கு கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு செனட்டர்கள். ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு செனட்டர்கள். இது நியாயமா என்ற சண்டை 1787இலேயே நடந்தது, இன்றும் நடக்கிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் சிறிய மாநிலங்கள் ஒன்றியத்தில் சேர ஒப்புக்கொண்டதே இந்த விலைக்குத்தான் என்பதையும் மறக்க முடியாது.

ஒரு மசோதா சட்டமாக வேண்டுமானால் இரண்டு சபைகளிலும் ஒரே வாசகத்தோடு நிறைவேற வேண்டும். பிறகு அதிபர் கையெழுத்திட வேண்டும். அவர் மறுத்துத் திருப்பி அனுப்பினால், அதாவது வீட்டோ செய்தால், இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால்தான் அதை மீறிச் சட்டமாக்க முடியும். காங்கிரஸிலிருந்து அதிபருக்கு ஓர் அம்பும், அதிபரிடமிருந்து காங்கிரஸுக்கு ஓர் அம்பும் போடுங்கள்.

செனட்டின் பக்கத்தில் ‘60’ என்று எழுதி வட்டமிடுங்கள். 100 பேரில் 51 பேர் இருந்தால் பெரும்பான்மைதானே என்று நினைப்போம். ஆனால் செனட்டில் விவாதத்தை முடித்துவைக்கவே பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 வாக்குகள் தேவை. விவாதத்தை முடிக்க விடாமல் இழுத்தடிக்கும் இந்த உத்திக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். இது அரசமைப்புச் சட்டத்தில் இல்லை, செனட் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதி. வரவு செலவு தொடர்பான சில மசோதாக்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். வாக்குகள் சரிசமமாக நின்றால் துணை அதிபர் வாக்களிப்பார். தாய்வழியில் தமிழ்நாட்டின் துளசேந்திரபுரம் கிராமத்தில் வேர் கொண்ட கமலா ஹாரிஸ், துணை அதிபராக இருந்த நான்கு ஆண்டுகளில் 33 முறை அப்படி வாக்களித்தார். வேறு எந்தத் துணை அதிபரும் அத்தனை முறை வாக்களித்ததில்லை.

இந்த இடத்தில் ஓர் இரவைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ‘ஆளுங்கட்சி’ என்ற சொல் அங்கே ஏன் பொருந்தாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

2017 ஜூலை 28, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அதிபர் டிரம்ப் குடியரசுக் கட்சி. செனட்டில் அவர் கட்சிக்கு 52 பேர். பிரதிநிதிகள் சபையும் அவர் கட்சியிடம்தான். ஒபாமா 2010இல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை நீக்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வருகிறது. விலக்கு பெற்ற வழியில் வந்ததால் 60 தேவையில்லை. 50 கிடைத்தால் மீதி ஒன்றைத் துணை அதிபர் போட்டுவிடுவார். அந்தக் கட்சியைச் சேர்ந்த இருவர் எதிர்த்துவிட்டார்கள். மிச்சம் சரியாக 50. அப்போது ஜான் மெக்கெயின் அவைக்குள் வருகிறார். 80 வயது. மூளையில் புற்றுநோய் என்று தெரிந்து சில நாட்களே ஆகியிருந்தன. 2008இல் இதே ஒபாமாவிடம் அதிபர் தேர்தலில் தோற்றவர். வாக்கைப் பதிவு செய்யும் மேசைக்கு முன் வந்து நிற்கிறார். வலக்கையை நீட்டுகிறார். கட்டை விரலைக் கீழே கவிழ்த்து “இல்லை” என்கிறார். அவையில் மூச்சு வாங்கும் ஒலி எழுகிறது. அவருடைய கட்சியின் செனட் தலைவர் கைகளைக் கட்டிக்கொண்டு அருகிலேயே நிற்கிறார். 49க்கு 51. மசோதா விழுந்தது.

நம் ஊரில் கொறடா உத்தரவை மீறி இப்படி வாக்களித்தால் பதவியே போய்விடலாம். அங்கே கட்சித் தாவல் தடைச் சட்டம் கிடையாது. மெக்கெயின் மறுநாளும் செனட்டர்தான்.

படி 3: உறுப்பினருக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வருகிறது?

தேர்தலில் நிற்க அவருக்குக் கட்சித் தலைமை சீட்டுக் கொடுப்பதில்லை. பிரைமரி என்னும் முதற்கட்டத் தேர்தலில், அந்தந்த ஊர் வாக்காளர்களே கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்களித்து முடிவு செய்கிறார்கள். எனவே தலைமையைப் பகைத்துக்கொண்டும் ஒருவர் பிழைக்கலாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரைமரியில் வாக்களிக்க வருபவர்கள் குறைவு. வருகிறவர்களோ தீவிரமான பற்றுள்ளவர்கள். அவர்களுக்குப் பயந்தே பல உறுப்பினர்கள் எதிர்க்கட்சியோடு சமரசம் பேசத் தயங்குகிறார்கள். இன்றைய அமெரிக்காவின் பிளவுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

தாளின் ஓரத்தில் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். இரட்டைப்படை ஆண்டுதோறும், நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று பொதுத்தேர்தல். ஒவ்வொரு முறையும் பிரதிநிதிகள் சபை முழுவதற்கும், செனட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கும் தேர்தல் நடக்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதிபர் தேர்தலும் சேர்ந்துகொள்ளும். நடுவில் வருவதை இடைக்காலத் தேர்தல் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. நம் ஊர் இடைத்தேர்தலோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 4: 538 என்ற எண்ணை நீங்களே கூட்டிப் பாருங்கள்

அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலவாரியாகத் தேர்வாளர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்கள்தான் அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர்கள்? பிரதிநிதிகள் சபையில் அதற்கு இருக்கும் இடங்களோடு இரண்டு செனட்டர்களைக் கூட்டுங்கள். நாடு முழுவதற்கும் 435 + 100. மாநிலமாக இல்லாத தலைநகர் வாஷிங்டனுக்கு 3. மொத்தம் 538. பாதிக்கு மேல் ஒன்று, அதாவது 270 பெற்றவர் அதிபர்.

48 மாநிலங்களில், ஒரு வாக்கு அதிகம் பெற்றாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் அனைவரும் வென்றவருக்கே. மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் பிரித்துக் கொடுக்கின்றன. 2000ஆம் ஆண்டில் இதன் விளைவை உலகமே பார்த்தது. நாடு முழுவதும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் புளோரிடாவில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ் 537 வாக்குகள் முன்னிலை. மறு எண்ணிக்கைக்கு டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. புளோரிடாவின் 25 தேர்வாளர்களும் புஷ்ஷுக்குப் போக, 271 பெற்று அவர் அதிபரானார். 2016இலும் ஹிலாரி கிளிண்டன் 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். ஆகவே கருத்துக்கணிப்பில் நாடு தழுவிய சதவீதத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற, எந்தப் பக்கமும் சாயக்கூடிய மாநிலங்கள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

படி 5: மூன்றாவது கட்டம்

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். அதிபர் பெயரைப் பரிந்துரைக்கிறார், செனட் வாக்களித்து ஏற்கிறது. இரண்டு அம்புகளையும் போட்டுக்கொள்ளுங்கள். ஓய்வு வயது கிடையாது. ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கலாம். அதனால்தான் ஒரு நீதிபதியின் மரணம் அங்கே அவ்வளவு பெரிய அரசியல் செய்தியாகிறது. காங்கிரஸின் சட்டமோ அதிபரின் உத்தரவோ அரசமைப்புக்கு முரணானது என்று தள்ளும் அதிகாரத்தை இந்த நீதிமன்றம் 1803இல் ஒரு தீர்ப்பின் வழியாகத் தானே நிலைநாட்டிக்கொண்டது.

படி 6: கட்டங்களைச் சுற்றி ஐம்பது புள்ளிகள்

புள்ளிகள் மாநிலங்கள். இவற்றை விட்டுவிட்டு அமெரிக்காவைப் புரிந்துகொள்ள முயல்வது வீண். அங்கே ஆளுநர் மத்திய அரசு அனுப்பி வைப்பவர் அல்ல. மக்கள் தேர்ந்தெடுத்தவர், நம் முதலமைச்சருக்கு நிகரானவர். அதிபர் தேர்தலைக்கூட மாநிலங்களும் அவற்றின் மாவட்டங்களுமே நடத்துகின்றன. நாடு முழுவதற்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணையம் அங்கு இல்லை. மரண தண்டனையை டெக்சாஸ் இன்றும் நிறைவேற்றுகிறது. மிச்சிகனோ கொலைக்குற்றத்துக்கு அந்தத் தண்டனையை நீக்கி 1846இலேயே சட்டம் இயற்றிவிட்டது. 2022இல் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக ஏற்ற அரை நூற்றாண்டுத் தீர்ப்பை மாற்றியபோது, அதை அனுமதிப்பதா என்ற முடிவு இந்தப் புள்ளிகளிடம் திரும்பியது. அன்றிலிருந்து ஒரு பெண்ணின் உரிமை அவள் எந்த மாநிலத்தில் வசிக்கிறாள் என்பதைப் பொறுத்து மாறுகிறது.

படி 7: ஒரு செய்தியை அம்புகளின் வழியே நடத்திப் பாருங்கள்

2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் மாணவர் கடனில் 10,000 டாலர் வரை, சிலருக்கு 20,000 டாலர் வரை தள்ளுபடி என்று அறிவித்தார். பென்சிலை அதிபர் கட்டத்தில் வையுங்கள். அவருக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது? காங்கிரஸ் 2003இல் இயற்றிய ஒரு சட்டம் கொடுக்கிறது என்றது அவருடைய அரசு. பென்சில் காங்கிரஸுக்குப் போகட்டும். ஆறு மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. பென்சில் புள்ளிகளுக்கு வந்து, அங்கிருந்து நீதிமன்றத்துக்குப் போகட்டும். 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: இவ்வளவு பெரிய தள்ளுபடிக்கு அந்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, காங்கிரஸின் தெளிவான அனுமதி வேண்டும். பென்சில் மீண்டும் முதல் கட்டத்தில் வந்து நிற்கிறது. ‘பைடன் தள்ளுபடி செய்துவிட்டார்’ என்று முதல் நாள் படித்து மகிழ்ந்தவர்கள் ஏமாந்தது இதனால்தான். அறிவிப்பு வேறு, அது செல்லுபடியாவது வேறு.

அடுத்ததை நீங்களே செய்யுங்கள். நம்மில் பலருடைய வீட்டைத் தொடும் செய்தி இது. வெளிநாட்டு நிபுணர்கள் அங்கே வேலை செய்ய வழங்கப்படும் எச்-1பி விசாவுக்கு ஆண்டுக்கு 65,000, அமெரிக்காவில் முதுகலை முடித்தவர்களுக்கு மேலும் 20,000 என்ற வரம்பு காங்கிரஸின் சட்டத்தில் இருக்கிறது. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பும் அப்படியே. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று வந்ததோ அதிபரின் பிரகடனம். அதை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டன. இவற்றில் எதை அதிபர் ஒருவரே மாற்ற முடியும், எதற்கு 60 என்று வட்டமிட்ட எண் தேவைப்படும், எது நீதிபதியின் மேசைக்குப் போகும்? பென்சிலை எந்தக் கட்டத்திலிருந்து தொடங்குவீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.