ஸ்ப்ரே பசை: ஃபோம் மாடல் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடல் விமானத்துக்காக மூன்று வாரம் உழைத்து அறுத்துத் தேய்த்த வெள்ளை ஃபோம் இறக்கை, பசை அடித்த சில நொடிகளில் என் கண் முன்னாலேயே குழி விழுந்து உள்வாங்கியது. வெந்நீர் பட்ட வெல்லம் கரைவது போல அது கரைந்தது. டின்னைத் திருப்பிப் பார்த்தேன். ஃபோம், துணி, மரம், காகிதம் அனைத்திற்கும் ஏற்றது என்று தெளிவாக அச்சிட்டிருந்தார்கள். அது பொய்யல்ல. அவர்கள் சொன்ன ஃபோம் சோஃபா மெத்தைக்குள் இருக்கும் பாலியூரித்தேன். என் இறக்கையோ போலிஸ்டைரின். பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறு.

கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் பின்பக்கத் தாழ்வாரம்தான் என் பட்டறை. ஆண்டு முழுவதும் ரிமோட்டில் பறக்கும் கிளைடர் விமானங்கள் கட்டுகிறேன். தைப்பூசம் நெருங்கினால் எங்கள் பகுதி இளைஞர்களின் காவடிகளுக்கு ஃபோம் செதுக்கிக் கொடுக்கிறேன். இரண்டிலும் ஸ்ப்ரே பசை இல்லாமல் வேலை ஓடாது. இத்தனை காலத்தில் நான் பார்த்த தவறுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. டின்னுக்குள் இருப்பது பசை என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில் அதில் ஒட்டும் பொருள் சிறு பங்குதான். மீதியெல்லாம் அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பானும், அதை வெளியே தள்ளும் உந்துவாயுவும். பசையை நம்பி வாங்குகிறோம், ஆனால் வேலையைக் கெடுப்பதும் உடம்பைக் கெடுப்பதும் கரைப்பான்.

ஆகவே கையில் இருப்பது எந்த ஃபோம் என்று தெரியாமல் கடைக்குப் போவதுதான் முதல் தவறு. டிவி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றைச் சுற்றி வரும் வெள்ளை ஃபோமில் சிறு மணிகள் தெரியும். வளைத்தால் சட்டென்று ஒடியும். அது மணி போலிஸ்டைரின். இளநீலத்திலோ இளஞ்சிவப்பிலோ வரும் மழமழப்பான காப்புப் பலகையும், மாடல் கட்டுபவர்கள் விரும்பும் டெப்ரான் தாளும் அதே போலிஸ்டைரின்தான், அழுத்தி வார்த்த வடிவம். அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்களுக்கு இவை எதுவும் தாங்காது. மணிகள் தெரிந்தும் ஒடியாமல் வளைந்து, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பினால் அது பாலிப்ரொப்பிலீன் ஃபோம். கரைப்பானுக்கு அஞ்சாது, ஆனால் அதன் மேல் எதுவும் எளிதில் பிடிக்காது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிட்டு அடித்தால்தான் பசைக்குப் பிடிமானம் கிடைக்கும். கைவினைக் கடைகளில் கிடைக்கும் ரப்பர் போன்ற இ.வி.ஏ. தாளைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலான பசைகளை அது ஏற்றுக்கொள்ளும். ஃபோம் வகையை அறியச் சிலர் ஒரு துண்டைக் கொளுத்திப் பார்ப்பார்கள். அந்தக் கரும்புகை நுரையீரலுக்குள் போகும். வேண்டவே வேண்டாம்.

போலிஸ்டைரினுக்கென்றே செய்த பசைகள் கிடைக்கின்றன. த்ரீ எம் நிறுவனத்தின் 78 அந்த வகை. அதே நிறுவனத்தின் சூப்பர் 77 பொதுப் பயன்பாட்டுக்கானது. மெல்லியதாக அடிக்கத் தெரிந்தவர்கள் அதைக் கொண்டே ஃபோம் இறக்கைகள் கட்டுகிறார்கள். பெயரை மட்டும் நம்பாமல், வெட்டிப்போட்ட ஒரு துண்டில் அடித்து, அன்று முழுவதும் விட்டுப் பாருங்கள். உடனே கரையாத ஃபோம் சில மணி நேரம் கழித்துச் சுருங்குவதும் உண்டு. இரண்டு துண்டுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அரிக்கும். ஆகவே சோதனைத் துண்டையும் ஒட்டி மூடிய நிலையில்தான் சோதிக்க வேண்டும். இந்த ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

தூரத்திலும் தவறு நடக்கிறது. மிக அருகில் பிடித்து அடித்தால் ஈரமாகவே போய் விழும், கரைப்பான் குளம் கட்டும். ஃபோமுக்கு நான் சுமார் 30 செ.மீ. தள்ளிப் பிடிக்கிறேன். அந்த இடைவெளியைக் கடக்கும்போதே கரைப்பானில் ஒரு பகுதி காற்றில் போய்விடும். கையை ஓர் இடத்தில் நிறுத்தாமல், பலகைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சிக்கல். என் அக்காள் மகன் ஒரு மாலை தொலைபேசியில் அழைத்தான். "மாமா, புதிய டின், புதிய ஃபோம், எல்லாம் சரியாகச் செய்தேன். ஆனாலும் இரண்டு பலகைகளும் கையோடு பிரிந்து வருகின்றன" என்றான். எப்போது அடித்தாய் என்று கேட்டேன். மழை விட்ட பிறகு, ஆறு மணிக்கு என்றான். அதுதான் காரணம். கரைப்பான் ஆவியாகும்போது தான் இருக்கும் பரப்பின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று 30 டிகிரியும் ஈரப்பதம் 70 விழுக்காடும் இருந்தால், பரப்பு ஏறக்குறைய 24 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே அதில் பனி படியத் தொடங்கும். ஆறு டிகிரி இறக்கம் கரைப்பானுக்கு ஒரு பொருட்டே அல்ல. மழைக்குப் பின், காற்று நீரால் நிறைந்து 26 டிகிரிக்கு வந்துவிட்டால், ஓரிரு டிகிரி குளிர்ந்தாலே போதும். கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் பசையை மூடிக்கொள்ளும். இரண்டு பலகைகளுக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால் எந்தப் பசை பிடிக்கும்?

ஆகவே கோலாலம்பூரிலும் பினாங்கிலும் ஸ்ப்ரே பசை வேலைக்கு நல்ல நேரம், மழை இல்லாத நாளின் நண்பகல். அடிப்பதையும் கனமாக ஒரே தடவையில் முடிக்காமல் மெல்லிய இரண்டு பூச்சுகளாகப் பிரித்தால் குளிர்ச்சி குறையும். பிறகு காத்திருக்க வேண்டும். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்று நம் வீடுகளில் சோற்றுக்குச் சொல்வது பசைக்கு அப்படியே பொருந்தும். விரலின் பின்முட்டியால் தொட்டுப் பாருங்கள். ஒட்டிப் பிடிக்க வேண்டும், ஆனால் தோலில் எதுவும் வரக்கூடாது. அதுவரை சேர்க்காதீர்கள். காய வைக்கிறேன் என்று தலைமுடி உலர்த்தியை நீட்டுவதும் தவறு. அங்கே சூழ்ந்திருப்பது எரியும் ஆவி, உலர்த்திக்குள் இருப்பது சிவந்த கம்பி.

கண்ணாடி இழைத் துணியும், இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் எபாக்சி ரெசினும் வைத்து இறக்கைக்குத் தோல் போடுபவர்களுக்கு ஸ்ப்ரே பசை பெரிய உதவி. நழுவும் துணியை வளைந்த பரப்பில் அசையாமல் நிறுத்திவைக்கும். அதன் வேலை அவ்வளவுதான். துணியைப் பிடித்து வைக்க ஒரு தூறல் போதும், பொட்டுப் பொட்டாக. முழுப் பரப்பையும் மூடும்படி அடித்தால், எபாக்சிக்கும் ஃபோமுக்கும் நடுவில் ரப்பர் போன்ற ஒரு படலம் உட்கார்ந்துகொள்ளும். எபாக்சி துணிக்குள் ஊறாமல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். பார்க்க உறுதியாகத் தோன்றும் அந்தத் தோல் முதல் கடுமையான தரையிறக்கத்தில் காகிதம் போல உரிந்து வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

எடையையும் கணக்கிட வேண்டும். ஒன்றரை மீட்டர் இறக்கையின் இரண்டு பக்கமும் சேர்த்து 0.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதுர மீட்டருக்கு 50 கிராம் பசை விழுந்தால் 30 கிராம் ஏறிவிடும். மாடலுக்குப் பயன்படும் மெல்லிய துணியோ சதுர மீட்டருக்கு 25 கிராமிலேயே கிடைக்கிறது. துணியை விடப் பசை இருமடங்கு கனம். வாலில் இன்னும் மோசம். சமநிலைப் புள்ளிக்குப் பின்னால் 70 செ.மீ. தள்ளி வாலும், முன்னால் 20 செ.மீ. தள்ளி மூக்கும் இருந்தால், வாலில் ஏறும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்றரை கிராம் ஈயம் வைக்க வேண்டும்.

இங்கே இன்னொரு பொறியும் உண்டு. ஹார்ட்வேர் கடையில் விலை குறைவாகக் கிடைக்கும் பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரின் இருக்கிறது. அது போலிஸ்டைரின் ஃபோமைத் தின்றுவிடும். ஸ்ப்ரே பசை தடுப்புச் சுவராக நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போலிஸ்டைரின் மேல் எபாக்சி மட்டுமே.

இறக்கையின் நடுத்தண்டு, மோட்டார் பிடிப்பு, காவடியைத் தோளில் தாங்கும் சட்டம் ஆகியவற்றை ஒருபோதும் ஸ்ப்ரே பசையிடம் ஒப்படைக்காதீர்கள். பெரும்பாலான ஸ்ப்ரே பசைகள் முழுவதும் இறுகுவதில்லை. தொடர்ந்து இழுத்தால் மெல்ல நகர்ந்துகொடுக்கும், வெயிலில் இளகும். பூட்டிய கார் வெயிலில் நின்றால் உள்ளே 50 டிகிரியைத் தாண்டிவிடும். ஒட்டிய இறக்கையை அங்கே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால் விளிம்புகள் வாய் திறந்திருக்கும். பத்துமலையில் 272 படிகளுக்குக் கீழே, காலை வெயிலில் மணிக்கணக்கில் காத்திருக்கும் காவடியில் மயிலிறகுப் பலகை சரிந்தால், அதைச் சுமக்கும் பக்தரின் மனம் என்ன பாடுபடும்! அதனால் காவடியில் ஸ்ப்ரே பசை பலகையைப் பொருத்தமான இடத்தில் நிறுத்திவைக்க மட்டும்தான். பாரத்தைத் தாங்குவது கம்பியும் எபாக்சியும். மூங்கில் சத்தே குச்சிகளைக் குறுக்கே செருகி எபாக்சி வைத்தால் ஃபோம் மூட்டுகள் வியக்கத்தக்க உறுதி பெறும்.

நான் மிகவும் அஞ்சும் தவறு வீட்டுக்குள் அடிப்பது. இந்த ஆவி காற்றை விடக் கனமானது. மேலே போகாது, தரையோடு தவழும். நம் வீடுகளில் சாமி மேடையில் விளக்கு எரிகிறது, ஊதுபத்தி புகைகிறது, சமையலறையில் அடுப்பு இருக்கிறது. டின்னில் 'மூடா தெர்பாக்கார்' (எளிதில் தீப்பற்றும்) என்று மலாயில் எழுதியிருப்பது அலங்காரத்திற்காக அல்ல. விளக்கைக் குளிர்வித்த பிறகே டின்னை எடுங்கள். கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்து, குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். துணி முகக்கவசமும் என்95-உம் தூசியைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கரிக்குப்பி பொருத்திய கவசம் வேண்டும். சில பசைகளில் உள்ள என்-ஹெக்சேன் நீண்ட நாள் சுவாசித்தால் கைகால் நரம்புகளைப் பாதிக்கும். வாங்கும் முன் அந்தப் பசையின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்தக் கரைப்பான் இருக்கிறது என்று அதில் இருக்கும். உங்கள் ஃபோம் பிழைக்குமா என்பதற்கும் அதே வரிதான் விடை.

டின்னையும் கவனிக்க வேண்டும். காரில் வைக்காதீர்கள். அதை விமானத்தில் கொண்டுபோகவும் முடியாது, பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். வேலை முடிந்ததும் பெரும்பாலான டின்களைத் தலைகீழாகப் பிடித்து, வெறும் வாயு வரும்வரை ஓரிரு நொடி அழுத்தினால் டின்னின் மூக்குத் துளை அடைக்காது. என் டின்கள் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் மூன்று விவரங்கள் எழுதியிருப்பேன்: திறந்த தேதி, எந்த ஃபோமில் சோதித்தேன், ஒரு நாள் கழித்து அந்தத் துண்டு எப்படி இருந்தது.