துக்கச் செய்தி கேட்டு அவசரமாகக் கிளம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாவுச் செய்தி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது டிக்கெட் போடுவது அல்ல. உடலை எப்போது எடுக்கிறார்கள், எங்கே வைத்து என்று அங்கே இருக்கும் ஒருவரிடம் தெளிவாகக் கேளுங்கள். அதைக் கேட்காமல் கிடைத்த வண்டியில் ஏறிவிட்டு, பாதி வழியில் நேரம் தெரிந்து பதறுகிறவர்கள்தான் அதிகம். நேரம் தெரிந்தால், அதற்குச் சில மணி நேரம் முன்பே போய்ச் சேருவது போலத் திட்டமிடலாம். அதற்கு வாய்ப்பே இல்லையென்றால் அதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

டிக்கெட்டை நீங்களே போடாதீர்கள். என் சித்தி இறந்தபோது நான்தான் போட்டேன். 14-ஆம் தேதி, 00:20 விமானம். 14-ஆம் தேதி ராத்திரி கிளம்பினால் போதும் என்று மனதில் பதிந்துவிட்டது. தம்பி திரையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது இன்னைக்கு ராத்திரிண்ணா" என்றான். அன்று 13-ஆம் தேதி, மணி எட்டு. அழுதுகொண்டிருக்கும் கண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. தேதி, நேரம், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் ஆகிய மூன்றையும் இன்னொருவர் வாய்விட்டுப் படிக்கட்டும். வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்பதையும் பாருங்கள். பல நாடுகள் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன.

விலை குறைகிறது என்று இரண்டு விமானங்களைத் தனித்தனி டிக்கெட்டாக வாங்குவது இந்தப் பயணத்துக்கு ஆகாது. ஒரே டிக்கெட்டில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது பொதுவாக விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனது போனதுதான். இன்னொன்று, போகும் விமானத்தில் ஏறாமல் வேறு வழியில் போய்விட்டால், பெரும்பாலும் அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணமும் ரத்தாகிவிடும். முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். துக்கப் பயணத்துக்குச் சில நிறுவனங்கள் கட்டணச் சலுகையும் தருகின்றன. அது பெரும்பாலும் இணையத்தில் கிடைக்காது, போனில்தான் கேட்க வேண்டும்.

சடங்குக்கு உடுத்தும் உடை, மாத்திரைகள், சார்ஜர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி வராமல் போனால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விமான நிலையத்தை விட்டு வெளியே வந்துவிடாதீர்கள். கவுண்டரில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். சர்வதேசப் பயணங்களுக்கான 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, பெட்டி சேதமாகியிருந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் வந்து சேர்ந்த 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். துக்க வீட்டில் நாட்கள் ஓடுவதே தெரியாது, அதனால் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் பயமாக இருப்பது காரில் போகிறவர்களை நினைத்துத்தான். செய்தி ராத்திரி வரும், உடனே சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பானது. 24 மணி நேரம் என்றால் அது 0.10 சதவீதம். பல நாடுகளில் மது குடித்துவிட்டு ஓட்டியதாக வழக்குப் போடும் அளவு இது. "இந்த நிலையில் எனக்கு எங்கே தூக்கம் வரப்போகிறது" என்று சொல்வார்கள். அழுது ஓய்ந்த உடம்புக்குத்தான் சட்டென்று கண் சொக்கும். ஜன்னலைத் திறப்பதும் பாட்டு வைப்பதும் அதைத் தடுக்காது. துக்கம் அவ்வளவு நெருக்கமில்லாத ஒருவரை ஓட்டச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் பஸ்ஸோ ரயிலோ பிடியுங்கள். ஒரு வீட்டில் இரண்டு சாவு விழக் கூடாது.

அடுத்தது நானே செய்த தவறு. விமானம் மூன்று மணி நேரம் தாமதம். வீட்டிலிருந்து கேட்டபோதெல்லாம் "இதோ, ஒரு மணி நேரத்தில் வந்துடுவேன்" என்றேன். அவர்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று நினைத்தேன். அதை நம்பி எல்லாரும் காத்திருந்தார்கள், பசியோடு குழந்தைகளும் வயதானவர்களும். கடைசியில் நான் இல்லாமலேதான் எடுத்தார்கள். உண்மையான நேரத்தைச் சொல்லியிருந்தால் அவர்கள் முன்பே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். நானும் வீடியோ காலில் சித்தியின் முகத்தையாவது பார்த்திருப்பேன். எவ்வளவு தாமதமோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். துணையையோ பிள்ளையையோ பறிகொடுத்தவரிடம் இந்தப் பேச்சு வேண்டாம்; விவரம் சொல்லவும் கேட்கவும் வேறொருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை மறுநாளுக்கே போடாதீர்கள். தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள். அஸ்தியை விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால் உலோகக் கலசம் வேண்டாம். உள்ளே இருப்பது எக்ஸ்ரேயில் தெரியாவிட்டால் அனுமதிக்க மாட்டார்கள். மரமோ பிளாஸ்டிக்கோ சரி. இறப்புச் சான்றிதழும் தகனச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்ததும் சிலர் பாதியிலேயே திரும்பிவிடுகிறார்கள். "இனி போய் என்ன செய்ய?" எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் போனேன். வந்தவர்கள் எல்லாம் கிளம்பியிருந்தார்கள். சித்தப்பா மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வந்துட்டியா" என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். விடியும்வரை சித்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.