நன்கொடையாளர் பட்டியலை ஒழுங்கு செய்வது எப்படி? சிறிய தொண்டு அமைப்புகளுக்கான செய்முறை

தீபாவளி நெருங்கும்போதும் ஆண்டு முடியும்போதும் சிங்கப்பூரின் சிறிய தமிழ் அமைப்புகள் புதிய நன்கொடையாளர்களைத் தேடத் தொடங்குகின்றன. ஆனால், சென்ற ஆண்டு கொடுத்தவர்களில் இவ்வாண்டு கொடுக்காதவர் யார் என்று கேட்டால், பல செயற்குழுக்களால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. அதற்கு விடை தரும் பட்டியலை உருவாக்குவதே முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து. விலை உயர்ந்த மென்பொருள் இப்போது தேவையில்லை. எக்செல் அல்லது கூகல் ஷீட்ஸ் போதும்.

முதலில், ரசீதுப் புத்தகம், வங்கிக் கணக்கு அறிக்கை, கிவிங்.எஸ்ஜி என்ற இணைய நன்கொடைத் தளத்தின் விவரம் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் சேருங்கள். ஒரு நன்கொடைக்கு ஒரு வரிசை என்பதே விதி. தேதி, பெயர், கைப்பேசி எண், தொகை, வந்த வழி, எந்தத் திட்டத்துக்காக வந்தது என ஆறு பத்திகள் இருந்தால் போதும்.

இதில் மிகவும் சிரமம் தருவது பெயர்தான். ஒரே மனிதரின் பெயர் வங்கி அறிக்கையில் தந்தை பெயருடன் முழுமையாகவும், ரசீதில் முதலெழுத்துடன் சுருக்கமாகவும், வாட்ஸ்அப்பில் வெறும் ‘மணி’ என்றும் இருக்கும். சுப்பிரமணியம் என்பதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழிகள் உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆகவே பெயரை நம்பாமல், கைப்பேசி எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணுங்கள். கணவனும் மனைவியும் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால், குடும்பம் என்று ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். ஐயம் உள்ள இரு வரிசைகளை, உரியவரிடம் கேட்டு உறுதி செய்யாமல் ஒன்றாக்காதீர்கள்.

அடுத்தது பேநவ், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து உடனடியாகப் பணம் அனுப்பும் முறை. அமைப்பின் பதிவு எண்ணுக்கான கியூஆர் குறியீட்டில் குறிப்பு எண் ஒன்றையும் சேர்க்க முடியும். துணைப்பாட வகுப்புக்கு ஒன்று, பொங்கல் உணவுப் பொட்டலத்துக்கு ஒன்று என்று தனித்தனிக் குறியீடுகள் வைத்தால், பணம் எந்த அழைப்பைக் கண்டு வந்தது என்பது வங்கி அறிக்கையிலேயே தெரிந்துவிடும்.

பட்டியல் தயாரானதும் பிவட் டேபிள் (வரிசைகளைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை) ஒன்றை உருவாக்கி, கைப்பேசி எண்ணை இடப்பக்கத்திலும் ஆண்டுகளை மேலேயும் வைத்து, நடுவில் தொகையின் கூட்டலைக் காட்டச் செய்யுங்கள். சென்ற ஆண்டின் கட்டத்தில் எண் இருந்து, இவ்வாண்டின் கட்டம் வெறுமையாக இருப்பவர்களே நீங்கள் முதலில் பேச வேண்டியவர்கள். அவர்களுக்குப் பொதுவான குறுஞ்செய்தி அனுப்புவதைவிட, அவர்களை அறிந்த தொண்டூழியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, முன்பு கொடுத்த பணம் எதற்குப் பயன்பட்டது என்று முதலில் சொல்வது நல்லது. பணம் கேட்பது அதற்குப் பின்புதான்.

எந்தக் கடிதம் பலன் தருகிறது என்று அறிய விரும்பினால், பட்டியலைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதிக்கும் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். மொத்தமே 60 பேர் இருக்கும்போது இரண்டு மூன்று பேர் வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

அடையாள அட்டை எண்ணில் மிகுந்த கவனம் தேவை. ஐபிசி (பொது நலனுக்கான அமைப்பு என்ற அங்கீகாரம்) தகுதி பெற்ற அமைப்புக்கு அளிக்கப்படும் ரொக்க நன்கொடைக்கு 250 விழுக்காடு வரிக்கழிவு கிடைக்கிறது. அதாவது 100 வெள்ளி கொடுத்தவரின் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி கழிக்கப்படும். அதற்காக அவருடைய அடையாள எண் உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்குச் செல்ல வேண்டியிருப்பதால், அவ்வமைப்புகள் எண்ணைக் கேட்பது முறையே. அந்தத் தகுதி இல்லாத அமைப்பு வெறும் பதிவுக்காக அதைக் கேட்கக் கூடாது. சட்டம் கோராத இடங்களில் அதைத் திரட்டுவதற்கு 2019 செப்டம்பர் 1 முதல் கட்டுப்பாடு உள்ளது. சேகரித்த எண்களைக் கடவுச்சொல் இட்ட தனிக் கோப்பில் வைத்து, பொருளாளர் மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அமைப்பு எவ்வளவு சிறியதாயினும் தரவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும்.

மாதத்தின் முதல் வாரத்தில் பொருளாளரும் ஒரு தொண்டூழியரும் வங்கி அறிக்கையுடன் அமர்ந்து, புதிய வரிசைகளைச் சேர்த்து, நன்றிக் கடிதம் போகாதவர்களுக்கு அன்றே அனுப்பிவிட வேண்டும். கோப்பு எவருடைய சொந்த மின்னஞ்சலிலும் இல்லாமல் அமைப்பின் கணக்கில் இருக்கட்டும். அப்போதுதான் செயற்குழு மாறும்போது பட்டியலும் புதியவர்களின் கைக்குச் சேரும்.